பி.இ. 6 என்றால் மலிவா?

கேள்வி: ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 14 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். என் மச்சினர் ஒரு மில் பங்கைச் சொல்கிறார். 190 ரூபாயில் இருந்தது இப்போது 38, பி.இ. (பங்கு விலையை ஒரு பங்குக்கான வருட லாபத்தால் வகுத்த எண்) 6தான், இதைவிட மலிவாகக் கிடைக்காது என்கிறார். மகள் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வைத்த 3 லட்சத்தைப் போடலாமா? என்னைப் போன்ற தனி ஆளால் மலிவான நல்ல பங்கைக் கண்டுபிடிக்க முடியுமா? அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் அந்த 3 லட்சம். அதைத் தொடாதீர்கள். உண்மையிலேயே மலிவான பங்காக இருந்தாலும் சந்தை அதை ஒத்துக்கொள்ள நாலைந்து வருடம் ஆகலாம். காலேஜ் அதுவரை காத்திருக்காது. பணம் பேங்க் எஃப்.டி.யிலேயே இருக்கட்டும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். தனி ஆளால் முடியும். ஆனால் மலிவாகத் தெரியும் பங்கைப் பிடிப்பது வேலையே இல்லை, பி.இ. குறைந்த பங்குகளை எந்தப் பங்குச் சந்தை இணையதளமும் ஒரு நிமிடத்தில் வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும். அது ஏன் அந்த விலைக்குக் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பங்குக்கு லாபம் 6.30 ரூபாய். 38-ஐ 6.30-ஆல் வகுத்தால் 6 வருகிறது, மச்சினர் சொன்னது சரி. இப்போது லாப நட்டக் கணக்கில் ‘எக்ஸெப்ஷனல் ஐட்டம்’ (வழக்கமாக வராத வரவு செலவு) என்ற தலைப்பைப் பாருங்கள். மில்லின் பழைய குடோன் இடத்தை விற்ற லாபம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. வரி போக ஒரு பங்குக்கு 4.50 ரூபாய். நூல் விற்று வந்தது 1.80தான். அந்த இடத்தை இன்னொரு முறை விற்க முடியாது. 38-ஐ 1.80-ஆல் வகுங்கள்: 21. மலிவு எங்கே போயிற்று?

அதே அறிக்கையில் பணப்புழக்கக் கணக்கையும் பார்த்தேன். லாபம் காட்டிய வருடத்தில் தொழிலிலிருந்து கைக்கு வந்த பணம் மைனஸில் இருக்கிறது. சரக்கு வாங்கியவர்கள் தர வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. பாக்கி வசூலாகாத மில் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

190-லிருந்து இறங்கியதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். யெஸ் பேங்க் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது. 200-க்கு வந்தபோது பாதி விலை என்று வாங்கினார்கள், 100-க்கு வந்தபோது கால் விலை என்று வாங்கினார்கள். 2020 மார்ச் 5 அன்று, டெபாசிட் போட்டவர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி அந்த வங்கிக்குக் கட்டுப்பாடு வந்தது. அப்புறம் வந்த மீட்புத் திட்டத்தில், 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்கள் அதில் 75 சதவீதத்தை மூன்று வருடம் விற்கவே முடியாமல் போனது.

உங்கள் தொழிலில் இன்னொரு பொறியும் உண்டு. 2021-22-ல் மில்களுக்கு நல்ல லாபம் வந்ததை நீங்களே பேரேட்டில் எழுதியிருப்பீர்கள். அப்போது பல மில் பங்குகளின் பி.இ. ஒற்றை இலக்கத்தில் இருந்தது. லாபம் உச்சத்தில் இருந்ததால் வந்த மலிவு அது, லாபம் இறங்கினால் அதுவும் போய்விடும். 2022 மே மாதம் ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்குப் பஞ்சு வாங்கி அடுக்கியவர்கள், விலை இறங்கியதும் என்ன ஆனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

எனக்கு உங்கள் மேல் நம்பிக்கை இருப்பது இங்கேதான். டி.சி.எஸ்., ரிலையன்ஸ் போன்ற கம்பெனிகளை எத்தனையோ ஆய்வாளர்கள் நாள் முழுவதும் அலசுகிறார்கள். அங்கே உங்களுக்கு மட்டும் புதிதாக எதுவும் தென்படாது. சின்ன மில்களின் பக்கம் பெரிய ஃபண்டுகள் அவ்வளவாக வருவதில்லை, அவர்கள் போடும் தொகைக்கு அங்கே பங்கு கிடைக்காது. எந்த மில்லில் பழைய மெஷினை மாற்றினார்கள், யார் சொன்ன தேதியில் பணம் தருகிறார்கள் என்று ஊரே பேசுவது உங்கள் காதில் விழுகிறது. அதோடு கணக்கும் படிக்கத் தெரிந்தவர் நீங்கள். (ஒரு எச்சரிக்கை: உங்கள் மில்லே பட்டியலிடப்பட்ட கம்பெனியாக இருந்தால், வெளியே வராத கணக்கை வைத்து அதன் பங்கை வாங்காதீர்கள், விற்காதீர்கள். அது சட்டப்படி குற்றம்.)

மூன்று நான்கு மில்களின் ஐந்து வருட ஆண்டறிக்கைகளை பி.எஸ்.இ. (மும்பை பங்குச் சந்தை) இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். புரமோட்டர்கள் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளிகள்) தங்கள் பங்கை அடமானம் வைத்திருக்கிறார்களா என்று பங்குதாரர் பட்டியலில் பாருங்கள். பெரிதாக வைத்திருந்தால் அந்தக் கம்பெனியை நான் விட்டுவிடுவேன். மனதுக்குப் பிடித்த ஒன்றில், ஃபீஸ் பணத்துக்குச் சம்பந்தமில்லாத 10,000 ரூபாய் மட்டும் போட்டு இரண்டு வருடம் கவனியுங்கள். மாதாமாதம் மிச்சமாவது இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லாப் பங்குகளையும் வாங்கும் ஃபண்ட்) போகட்டும்.

மச்சினர் தன் பணத்தை ஏற்கெனவே போட்டுவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால், இந்த வாரமே அவரைக் கூப்பிட்டு குடோன் இடத்தை விற்று வந்த அந்த 4.50 ரூபாயைக் காட்டுங்கள்.