ஏடிவி: விளையாட்டு வண்டியா, ராணுவ வண்டியா?

"ரிசார்ட்டில் அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு விடும் ஏடிவியை ராணுவமும் வாங்குகிறதே, அப்படி என்ன இருக்கிறது அதில்? நாம் வாங்கி ரோட்டில் ஓட்டலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏடிவி என்றால் ஆல் டெரெய்ன் வெஹிகிள்; பைக் மாதிரி ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும், எந்த நிலத்திலும் போகிற வண்டி. டயரைப் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது. கார் டயருக்கு 30 பாயிண்டுக்கு மேல் காற்று அடிக்கிறோம். ஏடிவிக்கு 5 பாயிண்ட் போதும். டயரும் அகலம். பாரம் பரவி விழுவதால், கார் புதைகிற மணலிலும் சேற்றிலும் இது மேலாகவே போய்விடும். 1970-ல் ஹோண்டா அமெரிக்காவில் விற்ற மூன்று சக்கர வண்டியில் சஸ்பென்ஷனே கிடையாது, பலூன் மாதிரி இருந்த அந்த டயர்தான் எல்லாம். பனிக்காலத்தில் பைக் வியாபாரம் படுத்துவிடுகிறது, விற்க ஏதாவது கொடுங்கள் என்று டீலர்கள் கேட்டதில் பிறந்த வண்டி அது.

இதன் குணம் எனக்குப் புரிந்தது துபாயில். வேலைக்குப் போன புதிதில், ஹத்தா சாலையில் பிக் ரெட் என்கிற மணல்மேட்டுப் பக்கம் நண்பர்களோடு ஒரு வண்டி எடுத்தேன். சரிவில் குறுக்கே திருப்பியதும் மேட்டுப் பக்கச் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன. வாடகைக்கு விட்ட பையன் ஓடி வந்து பிடித்தான். "பைக் மாதிரி உட்காராதே அண்ணா, மேட்டுப் பக்கம் சாய்" என்று இந்தியில் ஒரே திட்டு. விஷயம் இதுதான்: பெரும்பாலான வாடகை வண்டிகளில் பின் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில், ஒரே வேகத்தில் சுற்றும். திருப்பத்தில் இரு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் காரில் உண்டு, இதில் இல்லை. ஓட்டுபவரின் உடம்பும் சேர்ந்து திருப்பினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். மூன்று சக்கரத்தில் இது இன்னும் மோசம். குழந்தைகள் உட்படப் பலர் கவிழ்ந்து இறந்ததால், 1988-ல் அமெரிக்காவில் நிறுவனங்கள் அதன் விற்பனையையே நிறுத்த ஒப்புக்கொண்டன. நான்கு சக்கரமும் கவிழாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆட்டு மந்தையை இதில்தான் விரட்டுகிறார்கள். அங்கே 2021 முதல் புது வண்டிக்கு, கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பி வளைவு பின்னால் கட்டாயம். ஹோண்டாவும் யமஹாவும் அதை ஏற்காமல் அந்தச் சந்தையை விட்டே விலகின.

ராணுவத்துக்கு வருவோம். இதில் கவசம் என்று எதுவும் கிடையாது, ஒரு குண்டு போதும். ஆனாலும் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கச் சிறப்புப் படைகள் இதை வைத்துக்கொண்டன. ஹெலிகாப்டருக்குள் ஏற்றலாம், ஜீப் நுழையாத மலைப்பாதையில் ஓட்டலாம். உக்ரைன் போரில் ரஷ்யா சீனத் தயாரிப்பை நூற்றுக்கணக்கில் வாங்கியது. ட்ரோன் கண்ணில் படாமல் சாமான் கொண்டுபோகவும் காயம்பட்டவரைத் தூக்கிவரவும், வேகம்தான் அங்கே கவசம். நம் எல்லைப் பாதுகாப்புப் படையும் கட்ச் சதுப்பில் இதில் ரோந்து போகிறது. இந்திய ராணுவத்திடம் இருக்கும் ஏட்டார் என்1200 என்ற வண்டி வேறு ஜாதி. கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு நான்கு டயர், தண்ணீரில் மிதக்கும். 2025 பஞ்சாப் வெள்ளத்தில் ஊர்களுக்குள் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிவந்தது அதுதான்.

அப்புறம், ரோட்டில் ஓட்டுவது. சாதாரண ஏடிவிக்கு இங்கே ஆர்டிஓவில் நம்பர் கிடைக்காது. ஏடிவி தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான போலாரிஸ் ஒரு மாடலுக்கு மட்டும் அந்த அனுமதியை வாங்கி விற்றது. எப்படி என்கிறீர்களா? டிராக்டர் என்று பதிவு செய்துதான்.