பழைய படப் புத்தகங்களில் எது இன்றைய குழந்தைகளிடமும் எடுபடுகிறது? ஏன்?

என் ஓட்டு எரிக் கார்லின் 'தி வெரி ஹங்க்ரி கேட்டர்பில்லர்' புத்தகத்துக்கு. 1969இல் வந்தது. முட்டையிலிருந்து வெளிவரும் ஒரு புழு திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய் என்று ஆரம்பித்து, வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சு வரை தின்றுகொண்டே போகும். சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம், சலாமி (ஒருவகை இறைச்சி), லாலிபாப் என்று கண்ணில் பட்டதையெல்லாம் உள்ளே தள்ளி, ராத்திரி வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை ஒரு பச்சை இலை. அப்புறம் கூடு, அப்புறம் வண்ணத்துப்பூச்சி. கதை இவ்வளவுதான்.

படங்களின் நிறத்தைத்தான் பலரும் காரணமாகச் சொல்வார்கள். டிஷ்யூ பேப்பரில் பெயிண்ட் அடித்து, வெட்டி ஒட்டிச் செய்தவை, அழகுதான். எனக்கு முதல் காரணம் ஓட்டைகள். புழு தின்ற பழத்திலெல்லாம் நிஜமாகவே துளை இருக்கும். பழப் பக்கங்களும் ஒரே அகலத்தில் இருக்காது. ஆப்பிள் பக்கம் ஒடுக்கமாக இருக்கும், போகப் போக அகலமாகிக்கொண்டே வரும். எண்ணத் தெரியாத குழந்தைக்குக்கூட ஒவ்வொன்றாகக் கூடுவது கையில் தட்டுப்பட்டுவிடும்.

கார்லுக்கு யோசனை வந்ததே ஒரு கட்டுக் காகிதத்தில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான். முதலில் அவர் மனதில் இருந்தது வில்லி என்கிற வேறொரு புழு. எடிட்டர் ஆன் பெனடூஸுக்கு அது பிடிக்கவில்லை. வண்ணத்துப்பூச்சியாக மாறுகிற புழுவை வைக்கலாம் என்றது அவர்தான். இத்தனை துளைகளோடு கட்டுப்படியாகிற செலவில் அச்சடிக்க அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல் ஜப்பானில் அச்சடித்தார்கள். செலவுக்குப் பயந்து ஓட்டைகளைக் கைவிட்டிருந்தால், இது பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

நாங்கள் இருப்பது டெல்லி மயூர் விஹாரில். எங்கள் வீட்டுப் பிரதி, தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகச் சந்தையில் (இப்போது மகிளா ஹாட்டில் நடக்கிறது) வாங்கியது. முன்னால் வைத்திருந்த குழந்தை விரலை விட்டு விட்டு, ஸ்ட்ராபெரியில் இருந்த துளை நைந்து கிழிந்திருந்தது. அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னேன். கடைக்காரர் அசரவில்லை. "ஓட்டை கம்பெனியே போட்டது மேடம்" என்றார் இந்தியில்.

என் மாமியாருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. படத்தைப் பார்த்தே கதை சொல்வார். "திங்கக்கிழமை ஒரு ஆப்பிள் தின்னுச்சாம். வயிறு ரொம்புச்சா?" என் பெண் "இல்ல பாட்டி!" என்று கத்திக்கொண்டே பக்கத்தைத் திருப்புவாள். சனிக்கிழமைப் பக்கத்தில் சலாமி மட்டும் எங்கள் வீட்டில் தக்காளியாகிவிட்டது. கதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

இன்னொன்று, இந்தப் புத்தகம் யாரையும் திட்டுவதில்லை. நம்மூர் நீதிக்கதையாக இருந்தால் பேராசைப்பட்ட புழுவுக்குக் கடைசிப் பக்கத்தில் சரியான பாடம் காத்திருக்கும். இங்கே அளவுக்கு மீறித் தின்றதற்கு ஒரு ராத்திரி வயிற்றுவலி, அவ்வளவுதான். மறுநாள் இலையைத் தின்றதும் சரியாகிவிடுகிறது. தின்றது வீணாகவும் இல்லை, ஆள் வளர்ந்துவிட்டது! கார்ல் இதை நம்பிக்கையைச் சொல்லும் புத்தகம் என்பார். இருக்கலாம், ஆனால் அதெல்லாம் பெரியவர்களுக்கான விளக்கம். மூன்று வயசுக்காரிக்கு, அது அடுத்து எதைத் தின்னும் என்பதுதான் கவலை.

வண்ணத்துப்பூச்சி அப்படி நூல் கூடு கட்டாது, அது அந்துப்பூச்சியின் வேலை என்று விவரம் தெரிந்தவர்கள் குறை சொல்வதுண்டு. சரிதான். ஆனாலும் புத்தகத்தில் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

வாங்குவதானால் உள்பக்கங்களும் கெட்டி அட்டையாக இருக்கும் பதிப்பாக வாங்குங்கள். மெல்லிய தாள் சின்னக் குழந்தை கையில் தாங்காது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவில் குட்டிப் பதிப்பு ஒன்று உண்டு, விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அதன் துளைக்குள் விரல் நுழைவது கஷ்டம்.