கிணற்று நீரில் பற்றீரியா: ஐந்து நிமிடச் சோதனையை நம்பலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எட்டுக் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். பால் சேகரிப்பு நிலையத்தில் இரண்டு தடவை மெதிலீன் நீலச் சோதனையில் (பாலில் பற்றீரியா மிகுந்திருந்தால் சேர்த்த நீல நிறம் விரைவில் மறையும்) என் பால் தேறவில்லை. ஒரு கன்றுக்கும் கழிச்சல். கிணற்று நீரில் பற்றீரியா இருக்கலாம் என்கிறார்கள். கடையில் வாங்கிய ஐந்து நிமிடப் பட்டியில் நிறம் மாறவில்லை. நம்பத்தகுந்த விரைவுச் சோதனை எது?

பதில்: அந்தப் பட்டியின் பெட்டியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அமிலத்தன்மை, கடினத்தன்மை, நைத்திரேற்று, குளோரின் ஆகியவையே அதில் எழுதப்பட்டிருக்கும். பற்றீரியாவையும் காட்டும் என்பதைக் கடைக்காரர் தம் வாயால் சேர்த்திருப்பார். மலத்திலிருந்து நீரில் கலக்கும் பற்றீரியாவான ஈ. கோலை உகந்த நிலையில்கூடப் பெருகி இரட்டிக்க ஏறக்குறைய 20 நிமிடம் எடுக்கும். ஆகவே, நீரிலுள்ள ஓரிரு உயிர்க்கலங்கள் கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றத்தை உண்டாக்குமளவுக்குப் பெருகப் பல மணித்தியாலங்கள் தேவை. உயிர்க்கலங்களிலுள்ள ஒரு பொருளைக் கொண்டு ஒளியை உண்டாக்கி, அதைச் சில நிமிடங்களில் அளக்கும் கருவிகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை உயிருள்ள எல்லாக் கலங்களையும் ஒன்றாகவே காட்டும், மலத்திலிருந்து வந்தவற்றைப் பிரித்துக் காட்டா.

உங்களுக்கு ஏற்றது ஐதரசன் சல்பைட்டுப் போத்தல்; மல மாசோடு வரும் பற்றீரியா வெளிவிடும் ஐதரசன் சல்பைட்டு வாயுவால் கறுக்கும் மருந்து அதில் இருக்கும். நீரை ஊற்றி, நம் ஊர் வெப்பத்தில் 24 முதல் 48 மணித்தியாலம் வைத்தால், மாசிருப்பின் பெரும்பாலும் கறுக்கும். கூழ்முட்டை மணமுள்ள நீர் மாசில்லாமலும் கறுக்கக்கூடும். கறுத்தால், ஆய்வுகூடத்தில் ஈ. கோலையை எண்ணச் சொல்லுங்கள். 100 மில்லிலீற்றரில் ஒன்றும் இருக்கக்கூடாது.

ஆனால் எந்த நீரைச் சோதிப்பது என்பதை நீங்கள் கேட்கவில்லை. பால் கான் கிணற்றுக்குள் கழுவப்படுவதில்லை. தாங்கியிலிருந்து குழாய்வழி வரும் நீரிலேயே கழுவப்படுகிறது. கொட்டில் நிலத்தில் நாள் முழுதும் கிடக்கும் அந்தக் குழாயின் நுனியில் ஒரு விரல் நீளத்தை வெட்டிப் பிளந்து உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பான படலம் கையில் வந்தால் பற்றீரியா அங்கேயும் குடியிருக்கிறது. எனவே கிணற்றில் ஒன்றும் கான் கழுவும் இடத்தில் ஒன்றுமாக இரண்டு மாதிரிகள் எடுங்கள். கிணறு சுத்தமாகவும் மற்றது அழுக்காகவும் வந்தால், குழாயை மாற்றித் தாங்கியைத் தேய்த்துக் கழுவுங்கள். கிணற்றில் கைவைக்க வேண்டியதில்லை. ஆய்வுகூடத்துக்கான மாதிரியைக் கிருமி நீக்கிய போத்தலில், வாயை விரலால் தொடாமல் எடுத்து, ஐஸில் வைத்து, ஆறு மணித்தியாலத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும்.

கிணறே அழுக்கென்றால் பலரும் ஓடிப்போய் வெளிற்றும் தூளை (குளோரின் தூளை) வாங்கிக் கொட்டுகிறார்கள். இந்தப் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. திறந்த சாக்கிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் தூளில் வீரியம் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று விற்பவருக்கே தெரியாது. நல்ல தூளாக இருந்தாலும், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மணலைப் போல நீரை வடிகட்டுவதில்லை; சாணக் கிடங்கிலோ மலசலகூடக் குழியிலோ ஊறும் அழுக்கு அதன் வெடிப்புகள்வழியே விரைவாகக் கிணற்றை அடைந்துவிடும் என்பதால், இன்று கொட்டும் குளோரின் அடுத்த ஊற்றுக்கு உதவாது. சாணக் கிடங்கைக் கிணற்றிலிருந்து விலக்குங்கள், கிணற்றடியில் சீமெந்துத் தளமும் நீர் வெளியே ஓட வாய்க்காலும் போடுங்கள், கிணற்றின் சுற்றுக்கட்டை உயர்த்துங்கள். தூளுக்குரிய இடம் அதற்குப் பின்னரே. பங்குனியில் கிடைத்த நல்ல முடிவை ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பொருத்தாதீர்கள். முதற் பெருமழைக்குப் பின் மீண்டும் சோதியுங்கள்.

கன்றின் கழிச்சலுக்குக் காரணங்கள் பல. நீர்ச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் இன்றே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள், அதுவரை அது குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள்.