"முடியாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்பவரிடம் என்ன சொல்வது?

கேள்வி இதுதான்: ஒருவர் கதை சொல்லி நடத்த, மற்றவர்கள் கதாபாத்திரங்களாகிப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை விளையாடும் குழுவில் ஒருவர் தன் கதாபாத்திரத்தின் மந்திரத்தை எல்லாவற்றுக்கும் இழுக்கிறார். மறுத்தால், "முடியாது என்று விதியில் எங்கே இருக்கிறது?" என்கிறார். எல்லையை எங்கே போடுவது?

பரந்தனுக்குக் கிட்ட, எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இந்த விளையாட்டை நடத்துகிறேன். மருமகன், அவனுடைய இரண்டு நண்பர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி என நான்கு பேர். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தன. அதில் தேவையான பக்கங்களைக் கிளிநொச்சியில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். நான் சொல்வதெல்லாம் அந்தப் பதிப்பை வைத்துத்தான்.

மந்திரம் எழுதியிருப்பதைச் செய்யும், எழுதாததைச் செய்யாது. உங்கள் நண்பருக்கு இந்த ஒரு வரி போதும். கத்தியின் விளக்கத்தில்கூட "இது பறக்காது" என்று எழுதவில்லை. ஆனால் எழுதியிருக்கும் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் அங்கேதான் தலையிடி தொடங்குகிறது.

முதலாம் நிலை மந்திரம் ஒன்று இருக்கிறது, பெயர் கிரியேட் ஓர் டிஸ்ட்ரோய் வோட்டர். 30 அடிக்குள் இருக்கும் திறந்த கொள்கலனில் 10 கலன் தண்ணீரை உண்டாக்கும். ஏறத்தாழ 38 லீற்றர். மருமகனின் கதாபாத்திரம் ஒரு பூசகர். அவர் முதலாம் மட்டத்தில், அதாவது தொடக்க நிலையில், இருந்தபோது கிணறு வற்றிய ஓர் ஊருக்குக் குழு போய்ச் சேர்ந்தது. ஆவணி வெயிலில் எங்கள் கிணற்றைப் பார்த்துக்கொண்டே எழுதிய கதை அது. "கிணற்றுக்குள் மந்திரத்தைப் போடுகிறேன், ஊற்றுத் திறக்கட்டும்" என்றான். ஊற்றுத் திறக்காது, 38 லீற்றர் வரும், அதையும் அடி மண் குடித்துவிடும் என்றேன். அடுத்து ஆழம். நான் 40 அடி என்று சொல்லியிருந்தேன். கிணற்றுக் கட்டின் மேல் நின்று போட்டால் எட்டாது. மருமகன் நம்பவில்லை. எழுந்து போய் எங்கள் கிணற்று வாளிக் கயிற்றை அவிழ்த்து வந்து, விறாந்தை நிலத்தில் நீட்டி, காலடி வைத்து அளந்தான். பூசகரைக் கயிற்றில் கட்டி இறக்குவதா, கயிறு அறுந்தால் யார் பொறுப்பு என்று அரை மணி நேரம் போனது.

அதுவரை பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, "ஏன் அண்ணா, மேலேயே ஒரு பெரிய அண்டாவை வைத்து நிரப்பினால் என்ன?" என்றாள்.

நிரப்பினார்கள். அந்த மட்டத்தில் ஒரு நாளில் அந்த மந்திரத்தை இரண்டு முறைதான் போடலாம். 76 லீற்றர், ஊரில் நாற்பது பேர், ஆளுக்கு இரண்டு லீற்றர்கூட இல்லை. யாருக்கு முதலில் கொடுப்பது என்ற சண்டைதான் அந்த மாதத்தில் நாங்கள் விளையாடிய மிக நல்ல ஆட்டம். ஊற்றைத் திறக்க விட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் கதை முடிந்திருக்கும்.

அதே மந்திரத்தைப் பிறகு மருமகன் எதிரியின் நுரையீரலுக்குள் போடப் பார்த்தான். வாய் திறந்திருக்கிறதாம், ஆகவே அதுவும் திறந்த பாத்திரமாம். குசினியிலிருந்து அம்மா, "அதில் சோறு வடிப்பாயா?" என்று கேட்டுத் தீர்ப்பை முடித்துவிட்டார். விதிப்படியும் அது செல்லாது. மந்திரம் போய்ச் சேரும் இடத்துக்குத் தடையில்லாத வழி இருக்கவேண்டும், உடலுக்குள் அப்படி வழி இல்லை. இன்னொன்றையும் பாருங்கள். ஒரு சொல்லில் ஆளைக் கொல்லும் பவர் வேர்ட் கில் ஒன்பதாம் நிலை மந்திரம், அதுதான் உச்ச நிலை. அதுகூட உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்கு) 100க்கு மேல் உள்ளவரைக் கொல்லாது. முதலாம் நிலை மந்திரம் ஒன்பதாம் நிலையின் வேலையைச் செய்கிறது என்று யாராவது சொன்னால், வாசிப்பில் எங்கோ பிழை. எனக்கு அதிகம் உதவிய சோதனை இதுதான்.

நான் பிழைவிட்ட இடத்தையும் சொல்லவேண்டும். ஸ்பீக் வித் அனிமல்ஸ் மந்திரத்தால் பத்து நிமிடம் விலங்கோடு பேசலாம். அதன் அறிவு அதன் புத்தியின் அளவுக்குத்தான், ஆனால் கடந்த ஒரு நாளுக்குள் கண்டதையாவது சொல்லும். ஒரு பசுவிடம், இரவில் எத்தனை கள்வர் போனார்கள் என்று கேட்டார்கள். "பசுவுக்கு எண்ணத் தெரியாது, பல பேர் என்கிறது" என்று சொல்லிக் கடந்துவிட்டேன். நண்பர்களில் ஒருவனின் வீட்டில் இருபது மாடுகள் நிற்கின்றன. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமா, எண்ணத் தெரியாதுதான். ஆனால் தன் கன்று பட்டியில் இல்லையென்றால் அதற்குத் தெரியும். புது ஆள் வந்தால் மணத்தில் தெரியும். எந்தப் பக்கம் போனார்கள் என்று காதைத் திருப்பியே காட்டும்" என்றான். விதியை நான் சரியாக வாசித்திருந்தேன், மாட்டைத்தான் வாசிக்கவில்லை. தீர்ப்பை மாற்றினேன். பசு கள்வரின் சுருட்டு மணத்தைச் சொன்னது, குழு அந்த வழியே போனது.

ட்ரூயிட் என்ற வகைக் கதாபாத்திரம் விலங்காக மாறும் ஆற்றல் வைல்ட் ஷேப். அதில் யானையாக மாறுவது பற்றிக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். கதாபாத்திரம் முன்பு கண்ட விலங்காக இருக்கவேண்டும். ஒட்டுசுட்டான் வீதியில் நீங்கள் கண்டது கணக்கில் வராது. யானையின் சவால் அளவு (எவ்வளவு வலிய எதிரி என்ற கணக்கு) 4, சாதாரண ட்ரூயிட்டுக்கு 1க்கு மேல் கிடையாது. வேறு பேச்சு வேண்டாம்.

தமிழில் விளையாடுபவர்களுக்கு மட்டும் இருக்கும் ஒரு சிக்கல்: நாங்கள் வாயால் மொழிபெயர்க்கும் சொல்லே மேசையில் விதியாகிவிடுகிறது. கொள்கலனை மேசையில் "பாத்திரம்" என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த நுரையீரல் வாதமே வந்திராது என்று நினைக்கிறேன். அதனால் இப்போது சண்டை வந்தால் அச்செடுத்த தாளை எடுத்து மூலவரியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறேன். பகடையை உருட்டுமுன் தீர்ப்பைச் சொல்லி, கொப்பியில் எழுதிவிடுகிறேன். அடுத்த முறை எதிரியின் மந்திரவாதிக்கும் அதே தீர்ப்புத்தான். இதைச் சொன்னதும் பாதி வாதங்கள் தாமாக அடங்கிவிடுகின்றன.

போன ஞாயிறு வந்தது ஒன்று இன்னும் கொப்பியில் பென்சிலில் கிடக்கிறது. அதே நீர் மந்திரத்தை, உண்டாக்காமல் அழிக்கும் விதமாகப் போட்டால் 30 அடிக் கனசதுரத்தில் உள்ள பனிமூட்டம் அழியும். எதிரிகள் வைக்கோலைக் கொளுத்தி ஒளிந்திருக்கிறார்கள். "புகையும் மூட்டம்தானே மாமா?" என்கிறான் மருமகன்.