மலிவு பிராசசர், லாபம் யாருக்கு?

பாலக்கோடு வாசகர்: கம்ப்யூட்டர் கடை நடத்துகிறேன். 25,000 ரூபாய்க்குள் கிடைக்கும் லேப்டாப்தான் அதிகம் ஓடுகிறது. அதிலுள்ள பிராசசர் கம்பெனிகளின் ஷேரில் 2 லட்சம் போடலாமா?

போடலாம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம். கடையில் ஓடுவது வேறு, கம்பெனிக்குக் காசு தருவது வேறு. 2018-ல் உற்பத்தி போதாமல் திணறியபோது, சர்வருக்கான ஜியான், விலை கூடிய பிசி ரகமான கோர் ஆகிய சிப்புகளுக்கே முன்னுரிமை என்று இன்டெல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஒரே சிலிக்கான் தட்டில் சர்வர் சிப் வெட்டினால் கிடைக்கும் பணம் மலிவு ரகமான செலரானில் வராதே!

மலிவை மட்டுமே நம்பியவர்கள் கதை இன்னும் மோசம். இன்டெல்லுக்குப் போட்டியாக விலையைக் குறைத்து விற்ற சைரிக்ஸ் 1997-ல் ஒருவரிடமும் 1999-ல் இன்னொருவரிடமும் கைமாறியது. ‘விலை குறைவு’ என்றே விற்றுவந்த ஏஎம்டியின் ஷேர் 2015-ல் 2 டாலருக்கும் கீழே கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தியவை 2017-ல் வந்த பிசி சிப்பான ரைசனும், சர்வருக்கான எபிக்கும்தான்.

எனவே காலாண்டு அறிக்கையில் மொத்த விற்பனையோடு நிற்காதீர்கள். பிரிவுவாரி லாபத்தைப் பாருங்கள்: பிசி பிரிவு எவ்வளவு, டேட்டா சென்டர் எவ்வளவு? அடுத்தது சரக்கு இருப்பு. இருப்பை அந்தக் காலாண்டின் உற்பத்திச் செலவால் வகுத்து 90-ஆல் பெருக்கினால், எத்தனை நாள் சரக்கு தேங்கியிருக்கிறது என்று தெரியும். அது தொடர்ந்து ஏறினால் விலைக்குறைப்பு வரக்கூடும் என்று அர்த்தம். முதலில் அடிபடுவது மலிவு ரகம்தான்.

இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் மூன்றும் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இருக்கின்றன. சிப் வடிவமைப்புக்கு உரிமத்தொகையும் ராயல்டியும் வாங்கும் ஆர்ம், 2023 செப்டம்பரில் பட்டியலானது. மலிவு போன்களில் நிறைந்திருக்கும் மீடியாடெக் தைவான் சந்தையில் இருப்பதால் நமக்கு எளிதில் கிடைக்காது.

கிருஷ்ணகிரி வாசகர்: அமெரிக்க ஷேர் வாங்கும் முறையும் வரியும்?

அமெரிக்க ஷேர் வசதி தரும் புரோக்கரிடம் கணக்கு திறந்து, வங்கியில் ஏ2 படிவம் கொடுத்துப் பணம் அனுப்ப வேண்டும். உச்சவரம்பு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர். 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) இல்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம். மாதம் ஐயாயிரமாக அனுப்பினால் வங்கிக் கட்டணமே தின்றுவிடும், சேர்த்து அனுப்புங்கள். அமெரிக்கர் அல்ல என்று தெரிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்தால் டிவிடெண்டில் 25 சதவீதம் அமெரிக்க வரியாகப் பிடிப்பார்கள். அதை இங்கே வரியில் கழித்துக்கொள்ளலாம். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம்; அதற்குள் விற்றால் உங்கள் வரி அடுக்குப்படி.

பலர் சறுக்குவது ரிட்டர்னில். ஒரே ஒரு வெளிநாட்டு ஷேர் இருந்தாலும் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 செல்லாது. சம்பளக்காரர் ஐடிஆர்-2, கடைக்காரர் ஐடிஆர்-3. அதில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் ‘ஷெட்யூல் எஃப்ஏ’ பகுதியை ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கில் நிரப்ப வேண்டும். இடையில் விற்றுவிட்டாலும் காட்டத்தான் வேண்டும்.

ஓசூர் வாசகர்: டாடா எலக்ட்ரானிக்ஸ் ஷேர் ‘ஐபிஓவுக்கு முன்பே’ தருவதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பணம் அனுப்பாதீர்கள். அந்தக் கம்பெனி இன்னும் சந்தைக்கு வரவில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்து ஆலையில் தயாராவது போனும் அதன் பாகங்களும்தான், பிராசசர் அல்ல. அவர்களின் சிப் ஆலை குஜராத்தின் தோலேராவில், தைவானின் சிப் கம்பெனியான பிஎஸ்எம்சியுடன் சேர்ந்து அமைகிறது. அங்கே திட்டமிட்டிருப்பது 28 நானோமீட்டரும் (சிப் நுட்பத்தின் அளவு, எண் குறையக் குறையப் புதிது) அதற்கு முந்தைய நுட்பங்களும். இன்றைய லேப்டாப் பிராசசர் அந்த ரகத்தில் வராது.