சட்டமும் நீங்களும்: வாடிக்கையாளர் சைக்கடெலிக் எடுத்தால் பயிற்சியாளருக்கு என்ன பொறுப்பு?

கேள்வி: கலிஃபோர்னியாவில் லைஃப் கோச்சாக (வாழ்க்கைப் பயிற்சியாளராக)ப் பணிபுரிகிறேன், கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். என் வாடிக்கையாளர் ஒருவர் ஆரிகன் மாநிலத்துக்குச் சென்று, உரிமம் பெற்ற மையத்தில் சைலோசைபின் காளான் (புலனுணர்வையும் மனநிலையையும் மாற்றும் சைக்கடெலிக் வகைப் பொருள்) எடுத்துக்கொள்ளப் போகிறார். போவதற்கு முன் மனத்தளவில் தயாராகவும், திரும்பிய பின் அந்த அனுபவத்தைப் பேசித் தெளியவும் என் உதவியைக் கேட்கிறார். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கிறேன். அது போதுமா?
– வாசகி, ஃப்ரீமாண்ட்

பதில்: 2020 நவம்பரில் ஆரிகன் வாக்காளர்கள் 109ஆம் முன்மொழிவை ஏற்றதன் பயனாக, 2023 முதல் 21 வயது நிறைந்தவர்கள் அங்கே உரிமம் பெற்ற மையத்தில், உரிமம் பெற்ற வழிநடத்துநரின் முன்னிலையில் சைலோசைபின் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்க மத்தியச் சட்டம் அதை முதல் அட்டவணைப் போதைப்பொருளாகவே, அதாவது மிகக் கடுமையாகத் தடைசெய்யப்பட்ட வகையிலேயே, வைத்திருக்கிறது. உங்கள் மாநிலத்திலும் தடை நீடிக்கிறது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் 2019இல் இயற்றிய தீர்மானம், இத்தகைய வழக்குகளைக் காவல்துறை கடைசி வேலையாக வைத்துக்கொள்ளட்டும் என்றதே தவிர, எதையும் சட்டபூர்வமாக்கவில்லை. தனிப்பட்ட பயன்பாட்டைக் குற்றமற்றதாக்க 2023இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவையும் ஆளுநர் நியூசம் ஏற்க மறுத்துவிட்டார்.

காப்பீட்டில் நீங்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பாலிசியை அல்ல, அதற்காக நீங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தை. ‘வழங்கும் சேவைகள்’ என்ற கட்டத்தில் ‘தொழில் முன்னேற்றம், மன அழுத்த மேலாண்மை’ என்று மட்டும் எழுதியிருந்தால், சைக்கடெலிக் அனுபவத்துக்கு முன்னும் பின்னும் நீங்கள் தரும் ஆதரவு அந்தச் சேவைக்குள் அடங்காது என்று நிறுவனம் வாதிடலாம். முக்கியமான தகவலை மறைத்தீர்கள் என்று சொல்லிப் பாலிசியையே ரத்து செய்யவும் முயலலாம். சட்டவிரோதச் செயல்களுக்கான விலக்கு விதி ஏறத்தாழ எல்லாப் பாலிசிகளிலும் உண்டு. அதற்கும் மேலாக, வேண்டுமென்றே செய்த செயலால் நேர்ந்த இழப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று கலிஃபோர்னியா காப்பீட்டுச் சட்டத்தின் 533ஆம் பிரிவே கூறுகிறது. ஆகவே, நீங்கள் செய்யப் போவதையும் செய்யாததையும் விவரித்து முகவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, காப்பு உண்டா என்பதற்கு நிறுவனத்தின் பதிலை எழுத்தில் பெறுங்கள். தொலைபேசியில் சொன்ன ‘ஒன்றும் பிரச்சினை இல்லை’ பின்னால் உதவாது. இன்னொன்று: இத்தகைய பாலிசிகளில் பல, நடப்பில் இருக்கும்போது வரும் கோரிக்கைகளுக்கு மட்டுமே பணம் தரும். இந்த ஆண்டு பேசியதற்காக அடுத்த ஆண்டு வழக்கு வந்து, இடையில் பாலிசியை நிறுத்தியிருந்தால், நீட்டிப்புக் காப்பு (பாலிசி முடிந்த பின் வரும் கோரிக்கைகளுக்கான கூடுதல் காப்பு) வாங்காத வரை கையிலிருந்துதான் செலவழிக்க வேண்டும்.

எல்லை எங்கே இருக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில், மனநிலைக் கோளாறுக்காகத் தாம் எடுக்கும் மருந்தைப் பற்றி, “லித்தியம் மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்தணும்?” என்று கேட்கிறார். “ஒரு மாதம்” என்று நீங்கள் பதில் போட்ட அந்த நொடியிலேயே உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றச்சாட்டுக்கு இடம் கொடுத்துவிடுகிறீர்கள். கடந்த 30 நாட்களில் லித்தியம் எடுத்தவரை ஆரிகன் மையங்கள் அனுமதிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த விதியை நம்பி ஒருவர் தானாக மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். “மருந்து எழுதிய மருத்துவரிடம் கேளுங்கள்” என்பதே உங்கள் பதிலாக இருக்கட்டும். அளவு சொல்வது, பொருள் கிடைக்கும் இடத்தைக் காட்டுவது, வீட்டில் எடுத்துக்கொள்ளும்போது பக்கத்தில் இருப்பது ஆகியவற்றை ஒருபோதும் செய்யாதீர்கள். குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவரும் முதன்மைக் குற்றவாளியைப் போலவே தண்டிக்கப்படலாம் என்பது மத்தியச் சட்டம்.

கிரீன் கார்டு வைத்திருக்கும் உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர், எந்த நீதிமன்றமும் தண்டிக்காவிட்டாலும், போதைப்பொருள் குற்றத்தின் கூறுகளைத் தாமே அதிகாரியிடம் ஒப்புக்கொண்டால் நாட்டுக்குள் நுழையும் தகுதியை இழக்க நேரிடும். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ‘நானும் ஆரிகனில் முயன்றிருக்கிறேன்’ என்று உங்கள் இணையதளத்தில் எழுதாதீர்கள். இந்தச் சேவையைத் தொடங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நானும் கோச்தான். ‘என் சொந்தப் பொறுப்பில் செய்கிறேன்’ என்று வாடிக்கையாளர்களிடம் கையெழுத்து வாங்குகிறேன். உரையாடல் குறிப்புகளையும் ரகசியமாகவே வைத்திருக்கிறேன். போதாதா?
– வாசகர், சான் ஹோசே

பதில்: கையெழுத்து ஓரளவு உதவும். ஆனால் மிக மோசமான கவனக்குறைவுக்கு அது கவசமாகாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. குற்ற வழக்குத் தொடுக்கும் அரசு வழக்கறிஞரையும் அந்தக் கையெழுத்து கட்டுப்படுத்தாது.

குறிப்புகள் விஷயத்தில் உங்கள் நிலை இன்னும் பலவீனமானது. உளவியல் சிகிச்சையாளரிடம் பேசியதை வெளியிடக் கட்டாயப்படுத்த முடியாது என்ற பாதுகாப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்தது, உரிமம் பெற்ற சிகிச்சையாளர்களைக் கருதியே. கோச்சுக்கு அது கிடையாது. நீதிமன்றம் கேட்டால் குறிப்பேட்டைக் கொடுத்தாக வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது உங்கள் கடமை. விசாரணை வரும் என்று தெரிந்த பின் குறிப்புகளைக் கிழிப்பதோ செய்திகளை அழிப்பதோ வேண்டாம். அது தனிக் குற்றமாகிவிடும்.