நிற்கும்போதுதான் கனக்கும்

கேள்வி: எனக்கு வயது 61. கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். இளம் வயதில் புல்லட் ஓட்டினேன். பல வருடங்களாக ஸ்பிளெண்டர்தான். காலையில் கன்னடியன் கால்வாய்க் கரையோரம் இருக்கும் வயலுக்கு, பகலில் சேரன்மகாதேவிக்கோ திருநெல்வேலிக்கோ, வெள்ளிக்கிழமை மனைவியோடு கோயிலுக்கு. இவ்வளவுதான் என் ஓட்டம். இப்போது கரடுமுரடான பாதைக்கும் நெடும்பயணத்துக்கும் ஏற்ற பெரிய அட்வென்சர் பைக் ஒன்று வாங்க ஆசை வந்திருக்கிறது. துபாயில் இருக்கும் மகன், பி.எம்.டபிள்யூ. ஆர் 1300 ஜி.எஸ். வாங்கித் தருகிறேன் என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர், ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 போதும் என்கிறார். மனைவியோ ஒரு ஸ்கூட்டர் வாங்கினால் என்ன என்று கேட்கிறாள். முழங்காலில் லேசான வலி உண்டு. அன்றாடத்துக்கு இந்த வண்டி ஒத்துவருமா? ஒருமுறையாவது லடாக் போய்வர வேண்டும் என்ற நினைப்பும் இருக்கிறது.
- ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்: அண்ணாச்சி, மூன்று பேர் சொன்னதில் மதினி சொன்னதுதான் உங்கள் அன்றாடத்துக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. அதற்காக ஆசையை மூட்டை கட்டி வையுங்கள் என்று சொல்ல வரவில்லை. எந்த வண்டி என்பதைவிட, அதை எங்கே வைத்துச் சோதிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நாற்கரச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சொகுசாக இருக்கிறதே என்று முன்பணம் கட்டிவிடுகிறார்கள். இந்த வகை வண்டி ஓடும்போது எவரையும் மயக்கும். நிற்கும்போது என்ன செய்கிறது என்பதுதான் அறுபது வயதுக்காரர் பார்க்க வேண்டியது.

ஓடும்போது நல்ல வண்டி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கைப்பிடி அகலமாகவும் உயரமாகவும் இருப்பதால் முதுகு நிமிர்ந்திருக்கும். இருக்கைக்கும் கால்மிதிக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்பதால் முழங்கால் ஒடுங்கி மடங்காது. உங்கள் வலிக்கு அது ஸ்பிளெண்டரைவிட நல்லது. ஹிமாலயன் 450-இன் சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் 200 மி.மீ. வரை அமுங்கி எழும். முன்சக்கரம் 21 அங்குலம். அறிவிப்பில்லாத வேகத்தடையும் மழை தோண்டிய பள்ளமும் உங்கள் இடுப்புவரை வந்து சேராது. கன்னியாகுமரிவரை போய்விட்டு அன்றே திரும்பினாலும் மறுநாள் எழுந்து நடமாடலாம்.

இனி நிற்கும் கதை. ஸ்பிளெண்டரின் இருக்கை உயரம் 785 மி.மீ., எடை 112 கிலோ. ஹிமாலயன் 450-க்கு 825 மி.மீ., 196 கிலோ. மகன் சொல்லும் ஆர் 1300 ஜி.எஸ். 850 மி.மீ., 237 கிலோ. 'நான் புல்லட் ஓட்டியவன், எடை எனக்குப் புதிதா' என்று நீங்கள் கேட்கலாம். புல்லட் குடும்பத்து வண்டியான இப்போதைய கிளாசிக் 350-இன் எடையும் 195 கிலோதான். ஹிமாலயனைவிட ஒரே ஒரு கிலோ குறைவு. ஆனால் அங்கே எடை தாழ்வாகக் கிடக்கிறது, இங்கே மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சாய்வதற்கும் தலையில் வைத்துச் சாய்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது. பதினேழு லிட்டர் டாங்க்கை நிரப்பினால் பெட்ரோல் மட்டுமே பன்னிரண்டு கிலோவுக்கு மேல், அதுவும் வண்டியின் உச்சியில். சரிவு ஓரளவைத் தாண்டிவிட்டால் இருபது வயதுப் பையனாலும் பிடித்து நிறுத்த முடியாது.

இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் விழுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல. வீட்டு வாசல் சரிவில், பெட்ரோல் பங்க் ஓரத்து ஜல்லியில், திரும்பும்போது ஊன்றப்போன கால் பள்ளத்தைத் தேடுகிற அந்த நொடியில். உங்கள் உயரத்துக்கு 825 மி.மீ. இருக்கையில் இரண்டு பாதமும் முழுதாகப் படியாது, நுனிக்கால்தான் ஊன்றும். இடுப்பை ஒருபக்கம் நகர்த்தி இடது பாதத்தை முழுதாக ஊன்றி, வலது காலைப் பிரேக்கில் வைத்து நிற்கப் பழகிக்கொள்ளலாம். குட்டையானவர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் சாலையின் இடது ஓரம் இறங்கிக் கிடக்கும் இடத்தில் அந்த வித்தையும் பலிக்காது. தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியாததல்ல. 2021-இல் ஹார்லி டேவிட்சன், பான் அமெரிக்கா என்ற தன் அட்வென்சர் பைக்கில், வண்டி நிற்கப்போகும்போது தானாகத் தாழ்ந்துகொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆர் 1300 ஜி.எஸ்.ஸிலும் கூடுதல் பணத்துக்கு அது உண்டு, 30 மி.மீ. இறங்கும். கால் எட்டும், 237 கிலோ அப்படியே இருக்கும்.

உங்கள் வயலுக்கு வருவோம். கால்வாய்க் கரையில் நேராகப் போவதில் ஒன்றும் இல்லை, பெரிய சக்கரத்துக்கு அது ராஜபாட்டை. திரும்பி வருவதில்தான் இருக்கிறது. ஸ்பிளெண்டரை இறங்கி நின்று, பின்னால் பிடித்துத் தூக்கி வைத்தே திருப்பிவிடுவீர்கள். 196 கிலோவை ஒருபக்கம் கால்வாயும் மறுபக்கம் வயலுமாக இருக்கும் கரையில் முன்னும் பின்னும் தள்ளித் திருப்புவதை நினைத்துப் பாருங்கள். பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவும் மாதங்களில் அந்த மண் செருப்பையே பிடித்து இழுக்கும். விழுந்தால் தூக்கிவிட ஆள் வர வேண்டும். காலை ஆறு மணிக்குக் கரையில் யார் இருப்பார்கள்? இன்னொன்று, வயலுக்கு நீங்கள் வேட்டியில்தான் போவீர்கள் என்று நினைக்கிறேன். வேட்டியோடு அந்த உயரத்துக்குக் காலைத் தூக்கிப் போடுவது சிரமம். பின்னால் பெட்டியும் மாட்டிவிட்டீர்கள் என்றால் பேண்ட்டோடும் சிரமம்.

மதினி விஷயம் அதைவிட முக்கியம். இதைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள், ஓட்டுகிறவர்களும் பேசுவதில்லை. இந்த வண்டிகளின் பின்னிருக்கை முன்னிருக்கையைவிட உயரம். இருபுறமும் கால் போட்டு உட்காரும் ஆளை மனதில் வைத்து வடிவமைத்தது அது. சேலையில் ஒருபக்கமாக உட்காருபவருக்கு அங்கே ஏறுவது மாடி ஏறுவதுதான். ஏறிவிட்டால் அவருடைய எடை முழுவதும் உயரத்தில், அதுவும் ஒருபக்கத்தில். நுனிக்காலில் நிற்கும் நீங்கள் சிக்னலில் என்ன செய்வீர்கள்? பின்னிருக்கையில் ஆள் ஏற்றும் வண்டிக்குக் கைப்பிடியும், கால்மிதியும், உடை சக்கரத்தில் சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. பக்கவாட்டுப் பெட்டி மாட்டும் ஆசையில் அந்தத் தடுப்பைக் கழற்றி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மதினி சுடிதார் அணிந்து இருபுறமும் கால் போட்டு உட்காரச் சம்மதித்தால் கதை வேறு. அதை என்னிடம் கேட்காதீர்கள், அவர்களிடம் கேளுங்கள்.

நகரத்துக்குள் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நெல்லை டவுன் ரத வீதிகளில் அகலக் கைப்பிடி இடிக்கும், வண்ணாரப்பேட்டையில் சித்திரை வெயிலில் நின்றால் ரேடியேட்டர் விசிறி முழங்காலில் அனல் ஊதும். 1,300 சி.சி. எஞ்சின் என்றால் அனலும் அதற்கேற்ப. காற்றுதான் கவனிக்க வேண்டியது. ஆனி, ஆடியில் காவல்கிணற்றைத் தாண்டி முப்பந்தல் பக்கம் போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறையும். காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்? எடை இருப்பதால் வண்டி ஸ்பிளெண்டர்போல அலையாது. ஆனால் காற்றைத் தடுக்க முன்னால் வைத்திருக்கும் உயரக் கண்ணாடியும் இரண்டு பக்கப் பெட்டிகளும் பாய்மரம் போட்டதுபோல் காற்றை வாங்கும். அந்தப் பக்கம் போகும் நாளில் பெட்டிகளை வீட்டில் வைத்துவிடுங்கள்.

காட்டு வழி கனவு இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து மலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பாபநாசத்துக்கு மேலும் மணிமுத்தாறுக்கு மேலும் வனத்துறை வைத்ததுதான் சட்டம். வண்டி எவ்வளவு பெரிதானாலும் சோதனைச் சாவடியில் அதற்குத் தனிச் சலுகை கிடையாது.

ஆக, ஆர் 1300 ஜி.எஸ். வேண்டாம். அருமையான வண்டி, ஐரோப்பாவில் ஒரே மூச்சில் நாடு கடப்பவருக்கு. வீரவநல்லூரில் அது மகன் விடுமுறைக்கு வரும்வரை தார்ப்பாய்க்கடியில் நிற்கும். வாங்கும் முன் பழுது பார்க்கும் இடம் எத்தனை மணி நேரப் பயணம் என்று அவரை விசாரிக்கச் சொல்லுங்கள், அந்தப் பதிலிலேயே பாதி முடிவாகிவிடும்.

ஹிமாலயன் 450 வாங்கலாம், ஆனால் சில சோதனைகளில் தேறினால் மட்டும். 805 மி.மீ. உயரக் குட்டை இருக்கை கிடைக்கிறது, அதை மாட்டச் சொல்லி உட்காருங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ அதோடு உட்காருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே லேசான ஏற்றத்தில் காலால் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். பிறகு இறங்கி, கையால் தள்ளி உங்கள் தெரு அகலத்துக்குள் ஒரு வட்டம் திருப்புங்கள். மதினியையும் அழைத்துப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு முழங்கால் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் ஓட்டிப் பாருங்கள். தேறாவிட்டால் சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். 250-ஐப் பாருங்கள். இருக்கை 835 மி.மீ. என்பதால் கால் எட்டுவதில் லாபமில்லை. ஆனால் 167 கிலோ. சாயத் தொடங்கும்போது அந்த 29 கிலோ வித்தியாசம் நன்றாகவே தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40 சதவீதம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எதை வாங்கினாலும் ஸ்பிளெண்டரை விற்காதீர்கள். வயலுக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் அதுதான். புதிய வண்டி தூரத்துக்கு.

வண்டி சாய்ந்துவிட்டால் முன்பக்கம் குனிந்து தூக்காதீர்கள். எஞ்சினை அணைத்து கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை நீட்டிவிடுங்கள். இருக்கையில் முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, பின்னோக்கிச் சிறு அடிகளாக வைத்து எழுப்ப வேண்டும். இதையும் உங்கள் முழங்கால் இடம் கொடுத்தால்தான். இல்லையென்றால் ஆள் வரும்வரை நிழலில் உட்காருங்கள், வண்டி எங்கும் ஓடிவிடாது. ஓட்டுநர் உரிமத்தின் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து ஆண்டுகள்தான், மருத்துவச் சான்றும் வேண்டும். அந்தச் சாக்கில் கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் ஒழுங்காகவே பரிசோதித்துக்கொள்ளலாம்.

லடாக்குக்குப் போக வண்டி வாங்க வேண்டியதில்லை. லே நகரில் ஹிமாலயன் வாடகைக்குக் கிடைக்கிறது. விமானத்தில் போய் இறங்கினால் போதும். லே சுமார் 3,500 மீட்டர் உயரம், அங்கிருந்து ஏறும் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். போன அன்றே வண்டியைத் தொடாமல் இரண்டு நாள் சும்மா இருந்து மூச்சைப் பழக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகலாம். கார் பருவ நெல் நடவு உங்களைப் பிடித்து வைக்காத வாரமாகப் பார்த்து ஆளை ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.